‘வீடு’ என்று எழுதிய விதி

அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் இரண்டாம் தடவையாகச் சொன்னார்கள்: காற்று பலக்கப் போகிறது, யாரும் கடலுக்குப் போக வேண்டாம். என் மனைவியின் மூத்த சகோதரர், என் மச்சான், ஏற்கெனவே கடலில்தான் இருந்தார். கிழக்கிலங்கையின் ஒலுவில் துறைமுகத்திலிருந்து ஆழ்கடல் படகில் போனவர்.

அந்தப் படகில் ஒரு கருவி இருக்கிறது. படகு நிற்கும் இடத்தைச் செய்மதி வழியாக அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தத் தகவலை வாங்கி வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாகக் காட்டும் நிரலை எழுதியவன் நான். அது ஓடுவது எங்கோ வெளிநாட்டில், வாடகைக்கு எடுத்த ஒரு கிளவுட் கணினியில். மச்சான் கடலுக்குப் போனால் வீட்டில் எல்லோரும் ஃபோனில் புள்ளியைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்கள். அப்படிப் பழக்கிவைத்ததும் நான்தான். அன்று பார்த்துப் பக்கம் வெறும் வெள்ளையாகக் கிடந்தது.

கணினிக்குள் போய் நிரலை மறுபடி ஓடவிட்டால் போதும். உள்ளேதான் போக முடியவில்லை. கட்டளையைக் கொடுத்தால் பதிலே இல்லை. காத்திருந்து காத்திருந்து கடைசியில், நேரம் முடிந்தது என்று வரும். சாவி பிழை என்று திட்டியிருந்தால்கூடச் சந்தோஷப்பட்டிருப்பேன், வாசல் வரைக்காவது போய்விட்டோம் என்று தெரிந்திருக்கும். ரவுட்டரை நிறுத்திப் போட்டேன். ஃபோன் டேட்டாவில் முயன்றேன். கிளவுட் நிறுவனத்தின் பக்கத்தில் கணினி நன்றாக ஓடுகிறது என்று பச்சை விளக்கு வேறு எரிந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கிருந்தே கணினியை நிறுத்திக் கிளப்பியும் புள்ளி வரவில்லை. நிரலை உள்ளே போய்க் கையால்தான் ஓடவிட வேண்டும்.

கண்டவனும் நுழையாமலிருக்க அந்தக் கணினிக்கு ஒரு காவல் விதி போட்டிருந்தேன். புள்ளி தெரியும் பக்கத்தை யாரும் பார்க்கலாம்; உள்ளே போய் நிரலைத் தொடுவதற்கு, குறித்த எண் முகவரியிலிருந்து வருகிறவனை மட்டும்தான் விடும். அதைத் திறந்து பார்த்தேன். ‘வீடு: அனுமதி’ என்றிருந்தது. நான் வீட்டில்தானே இருக்கிறேன்? மூடினேன். வேறு எதையோ நோண்டிவிட்டுத் திரும்பவும் திறந்து அதையே படித்தேன்.

மனைவியின் உம்மா, என் மாமி, இருந்த இடத்தில் இருக்கவில்லை. ஜன்னலுக்குப் போய்த் தென்னை ஆடுவதைப் பார்ப்பார், திரும்பி வந்து என் முதுகுக்குப் பின்னால் நிற்பார். கேட்டது மனைவிதான்.

“என்னங்க, வந்திட்டா?”

“கொஞ்சம் சும்மா இரி!” என்று எரிந்து விழுந்தேன். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்து எனக்கு வெட்கமாகிவிட்டது.

அந்த நேரத்தில் மருதமுனையிலிருந்து என் உம்மா ஃபோன் எடுத்தார்.

“எங்க மகன் இரிக்காய்?”

“வூட்டதான் உம்மா. வேலயா இரிக்கன், பிறகு கதைக்கன்.”

“எந்த வூட்ட?”

எங்கள் பக்கம் கலியாணம் முடித்தவன் பெண் வீட்டுக்குப் போய்விடுவான். அதற்குப் பிறகு அவனுக்கு இரண்டும் வீடுதான், கேட்கிறவர்கள்தான் எந்த வீடு என்று பிரித்துக் கேட்க வேண்டும். நான் மனைவியின் ஊரான இந்தச் சாய்ந்தமருதுக்கு வந்து சில மாதங்கள்தான். இங்கு வந்த பிறகு அந்தக் கணினிக்குள் போகத் தேவையே வரவில்லை. விதியை எழுதியது மருதமுனையில், உம்மாவின் வீட்டில் உட்கார்ந்து. அதிலிருந்த எண் அந்த வீட்டு இணைப்பின் எண். இவ்வளவு நேரமும் பெயரைப் படித்தேனே தவிர எண்ணைப் படிக்கவில்லை.

சட்டென்று ஃபோனை வைத்தேன். இந்த வீட்டு இணைப்பின் எண்ணைச் சேர்த்தேன். பெயர் எழுதும் இடத்தில் கை ஒரு கணம் நின்றது. வெறுமையாகவே விட்டுவிட்டேன். கணினி உடனே திறந்தது. நிரலை ஓடவிட்டதும் தேங்கிக் கிடந்த தகவல்கள் வந்து விழுந்தன, வரைபடம் நிறைந்தது. சிவப்புப் புள்ளி ஒலுவிலுக்குக் கிட்ட, கரைப் பக்கம் திரும்பியிருந்தது.

“வூட்ட வாறானா மகன்?” என்றார் மாமி.

மச்சான் கலியாணம் முடித்திருப்பது நிந்தவூரில். படகை விட்டு இறங்கினால் நேரே அங்குதான் போவார். என் வாய் சும்மா இருந்தால்தானே.

“எந்த வூட்ட மாமி?”

அதுவரை அழாத மாமி அப்போதுதான் அழுதார்.

“எந்த வூட்டயும் போகட்டும். கரைக்கு வாறானா, அதச் சொல்லுங்க.”

“ஓம் மாமி,” என்றேன். “வாறார்.”