பதினோராம் எண் இனி ஆடாது

அந்தக் குரல் பதிவு இருபது நொடிகூட இருக்காது. வெள்ளிக்கிழமை மதியம், நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் ஒரு அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது எங்கள் ஊர் கால்பந்து அணியின் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான் இனிமே ஆட மாட்டேன். ஞாயித்துக்கிழமை ஃபைனலுக்கும் இல்ல. எல்லாரும் மன்னிச்சிருங்க. துஆ செய்ங்க."

அவ்வளவுதான். கேட்டு முடித்ததும் எனக்கு வந்தது துக்கம் இல்லை, கோபம். ஃபைனலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது இப்படி ஒரு மனிதன் கையை விரிப்பானா என்று பல்லைக் கடித்தேன். அந்தக் கோபத்தை இப்போது நினைத்தால் எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது.

அந்தக் குரலுக்குரியவருக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. லோடு ஆட்டோ ஓட்டினார். சீவலப்பேரிப் பக்கத்து வயல்களிலிருந்து நெல் மூட்டைகளை ஏற்றி மில்லில் இறக்குவார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆற்றை ஒட்டிய மைதானத்தில் பதினோராம் எண் சட்டையோடு இறங்குவார். அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்தில் எதற்கு அந்தப் பெரிய எண் என்று யாரும் கேட்டதில்லை. ஊரில் பாதிப் பேர் அவர் பெயரையே மறந்துவிட்டார்கள். லோடு ஆட்டோ தெருமுனையில் திரும்பினால், "பதினொன்னு வருது" என்பார்கள்.

ஒரு ஆட்டத்தைச் சொன்னால் போதும். அம்பாசமுத்திரத்தில், மழையில், இப்போது ஃபைனலுக்கு வந்திருந்த அதே கடற்கரை ஊர் அணியோடு. மைதானம் குளமாகக் கிடந்தது. கோல் வாசலுக்கு முன்னால் பந்து தண்ணீரில் சிக்கி நின்றுவிட்டது. நாலைந்து பேர் பாய்ந்து தண்ணீரைத்தான் உதைத்தார்கள். இவர் ஓடவில்லை. பைய நடந்து வந்து, கால் கட்டைவிரலைப் பந்துக்கு அடியில் கொடுத்து மேலே தூக்கி, அது கீழே விழுவதற்குள் இடது காலால் அடித்தார். கோல்கீப்பர் முகத்தில் தெறித்த சேற்றைத் துடைத்துவிட்டுப் பார்க்கும்போது பந்து வலைக்குள் இருந்தது. அந்த மாதம்தான் எனக்கு நிச்சயம் ஆன கல்யாணம் நின்றுபோயிருந்தது. சாப்பாடு இறங்காமல் கிடந்தவன் அன்றைக்கு வேனில் திரும்பும் வழியில் ஐந்து புரோட்டா சாப்பிட்டேன். இப்படித்தான் எங்கள் ஊரில் ஒவ்வொருவனும் அவருக்கு ஏதோ ஒன்றுக்குக் கடமைப்பட்டிருந்தான்.

பதிலுக்கு நான் அவருக்குச் செய்தது இது: நாலு வருடம், ஆட்டத்துக்கு ஆட்டம், வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டேன்.

இடது காலால் அடிப்பவருக்கு உடம்பின் பாரம் முழுக்க வலது காலில் இறங்கும். அந்த வலது முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. அணிச் செயலாளர் சிமெண்ட் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. ஆட்டத்தன்று எனக்கு போன் வரும். "லே, ஒரு ஊசியோட வந்துரு." போவேன். இரண்டு வருடம் முன்னால் பாளையங்கோட்டையில் எலும்பு டாக்டரிடம் அவரைக் கூட்டிப்போனதும் நான்தான். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னையோட நிறுத்துங்க. இல்லைன்னா நாப்பது வயசுல கம்பு ஊன்றித்தான் நடக்கணும்" என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் இவர், "ஊர்ல சொல்லிராதலே, எல்லாவனும் ஒடஞ்சிருவானுவ" என்றார். நான் சொல்லவில்லை. அவருக்காகச் சொல்லாமல் இருந்தேன் என்று கொஞ்ச காலம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். உண்மையில் எனக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேண்டியிருந்தது.

குரல் பதிவு வந்து முதல் ஒரு மணி நேரம் குழுவில் அழுகைதான். வளைகுடாவில் வேலை பார்க்கும் ஒருவன், "அண்ணே, ரூமுக்கு வந்து போன்ல ஒங்க ஆட்டத்தப் பாத்தாத்தான் எனக்கு அந்த வாரம் ஓடும்" என்று விம்மினான். மூன்று மணிக்கு மேல் பேச்சு மாறியது. "கடற்கரைக்காரன்கிட்ட வெல போயிட்டான்" என்று ஒருவன் எழுதினான். கேள்விக்குறி வைத்துத்தான் எழுதினான். நாலு மணிக்குள் கேள்விக்குறி உதிர்ந்து அது செய்தியாகிவிட்டது. அவருக்கே ஒரு போன் போட்டுக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் அவர் வீட்டுத் தெருவில் கூட்டம் கூடியது. நானும் கடையைப் பாதி சாத்திவிட்டுப் போனேன். நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். அணிக்குச் சட்டை தைக்கும் டெய்லர் ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு, "வெளிய வாங்கண்ணே, ஒரு தடவ மொகத்தக் காட்டுங்கண்ணே" என்று கதறினான். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன் அவன். நடுத்தெருவில் யாரோ பதினோராம் எண் சட்டையைக் கொளுத்தினார்கள். அழுகிறவனும் கொளுத்துகிறவனும் ஒரே தெருவில், தோளோடு தோள் நின்றார்கள். வீட்டுக்குள் அவருடைய மகள் பயந்து அழும் சத்தம் வெளியே கேட்டது. கேட்டும் ஒருவனும் நகரவில்லை.

அண்ணாச்சி என் தோளில் கை போட்டார்.

"ஊசி கொண்டாந்திருக்கியாலே?"

"இருக்கு அண்ணாச்சி."

ஆமாம், இருந்தது. கடையை விட்டுக் கிளம்பும்போதே எடுத்துச் சட்டைப்பையில் போட்டிருந்தேன். யாரும் சொல்லாமலே.

"பெறவு என்ன! உள்ள போயிப் பைய பேசு. ஒரு பாதி ஆடுனாப் போதும்னு சொல்லு."

நான் கதவைத் தட்டுவதற்குள் அது திறந்தது. அவருடைய மனைவி நின்றார். என் சட்டைப்பையைப் பார்த்தார்.

"இன்னைக்குமா தம்பி?" என்றார்.

அவர் என்னைத் தாண்டிப் படியில் இறங்கினார். சத்தம் போடவில்லை. ஆனால் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

"ஏன் வெளிய நிக்கிய? ஒவ்வொருத்தரா உள்ள வந்து பாத்துட்டுப் போங்க. கக்கூசுல குத்தவைக்க முடியாம அவியளுக்கு நாற்காலியில ஓட்ட போட்டு வச்சிருக்கேன், அதையும் பாருங்க. நெத்தி தரையில பட்டு எட்டு மாசமாச்சு. சேர்ல உக்காந்து தொழுவுதாவ. வெல போயிட்டாவன்னு எழுதுனது யாரு? அவன் மொதல்ல வரட்டும்."

இதோடு கலைந்து போயிருந்தால்கூட நான் இந்த ஊரை மன்னித்திருப்பேன். பின்னாலிருந்து ஒரு குரல், குழைவாக, கெஞ்சலாக வந்தது. "ஞாயித்துக்கிழம ஒரு நாளு மட்டும் மைனி..."

அந்தக் குரல் யாருடையது என்று இன்று வரை எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது.

உள்ளே போனது நான் மட்டும். அவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, கவிழ்த்த வாளியின் மேல் வலது காலை நீட்டியிருந்தார். முழங்கால் சில்லு எங்கே இருக்கிறது என்றே தெரியாத அளவுக்கு வீக்கம். இவ்வளவு ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் ஊசி போட்டதெல்லாம் இடுப்பில். முழங்காலைத் திறந்து காட்டச் சொல்லி ஒரு நாளும் கேட்டதில்லை.

"அழுதது யாருலே? டெய்லரா?"

"ஆமாண்ணே."

"ரொம்ப அழுதுட்டானோ?" ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, மனைவிக்குக் கேட்காமல், "ஒரு பாதி ஆடிப் பாக்கட்டாலே? ஊசி வச்சிருக்கியா?" என்றார்.

வெளியே நின்ற நூறு பேர் மேலும் இல்லாத கோபம் எனக்கு அந்த நிமிடம் அவர் மேல் வந்தது. இந்த மனிதனுக்குத் தன் கால் மேல் இரக்கமே கிடையாதா? டெய்லர் அழுதால் இவர் நொண்டியாகிவிடுவாரா?

"இல்லண்ணே."

"பொய் சொல்லாதலே. பையில தெரியுது."

ஊசி மருந்துக் குப்பியை எடுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போனேன். துணி துவைக்கிற கல்லில் ஓங்கி அடித்தேன். கண்ணாடி தெறித்து என் புறங்கையில் கீறியது. திரும்பி வந்தபோது அவர் கண்ணை மூடியிருந்தார். நிம்மதியா, ஏமாற்றமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

தெருவுக்கு வந்து, "போங்கலே எல்லாவனும்!" என்று கத்தினேன். "அவரு ஆட மாட்டாரு. செத்தாலும் ஆட மாட்டாரு. போங்கலே!"

அண்ணாச்சி முன்னால் வந்தார். "என்னலே துள்ளுத? ஊசி போட்டது யாரு? நானா போட்டேன்?"

"நான்தான் போட்டேன். இனி இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் போட மாட்டேன்" என்றேன். அவர் என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். நானும் தள்ளினேன். அவர் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்து ஒரு பக்கம் உடைந்தது. நாலு பேர் இழுத்து விலக்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடற்கரை ஊர் அணியின் வேன் மைதானத்துக்குப் போகாமல் நேரே அவர் வீட்டுக்கு வந்தது. நான் அப்போது அங்கேதான் இருந்தேன். அவர்களுடைய பின்வரிசைக்காரர், படகில் மீன்பிடிக்கப் போகும் மனிதர், காய்ப்பேறி இரும்பு மாதிரிக் கை. ஒன்பது வருடமாக மைதானத்தில் இவரைத் தடுப்பதுதான் அவர் வேலை. ஓலைப்பெட்டியில் ஒரு பெரிய சீலா மீனைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார்.

"இத்தன வருசமும் உம்ம முதுகப் பாத்துட்டேதான் வே ஓடுனேன். மூஞ்சியப் பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்" என்றார்.

இவர் சிரித்துவிட்டார். வந்தவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வீங்கிய முழங்காலைத் தொட்டுப் பார்த்தார்.

"இதுல நான் மிதிச்சது எத்தன வே?"

"ரெண்டு மூணு இருக்கும்."

"மிச்சம்?"

அடுக்களையிலிருந்து மனைவிதான் சொன்னார். "மிச்சமெல்லாம் எங்க ஊருக்காரவ மிதிச்சது அண்ணே."

அந்த வீட்டில் எனக்கு உட்கார இடம் கொடுத்திருந்தார்கள் என்பதே பெரிய காரியம்.

சாயங்காலம் ஃபைனலுக்குப் போனேன். போயிருக்கக் கூடாது. நுழைவாயிலில் ஒரு ஃபிளெக்ஸ்: "கண்ணீருடன் விடை தருகிறோம்." அதில் இவர் முகம் உள்ளங்கை அளவு, நிர்வாகிகள் முகம் ஆள் அளவு. மேடையில் ஒரு நாற்காலியில் பதினோராம் எண் சட்டையை விரித்து, அதற்கு ரோஜா மாலை போட்டிருந்தார்கள். உயிரோடு இருக்கும் மனிதனின் சட்டைக்கு மாலை! மைக்கில் ஒருவர் உருகி உருகிப் பேச, கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. நான் மேடையேறி மாலையை உருவி எறிந்தேன். பின்னாலிருந்து செருப்பு ஒன்று வந்து என் காதில் பட்டது. ஆட்டம் தொடங்கும் முன்பே என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். மூன்று கோல் வாங்கித் தோற்றோம் என்று மறுநாள் கேள்விப்பட்டேன். அதற்கும் அவரைத்தான் திட்டினார்கள்.

அவருக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து ஏழு மாதம் ஆகிறது. வலது காலால் பிரேக்கை அழுத்தி மிதிக்க முடியாததால் லோடு ஆட்டோவை விற்றுவிட்டார். மூட்டை இறக்கிய அதே மில்லில் எடை மேஜையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. என்னை வீட்டுக்குக் கூப்பிடுகிறார், டீ கொடுக்கிறார். கால்பந்தைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. அவர் மனைவி என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அது நியாயம்.

போன வாரம் அவர் மாத்திரை வாங்க எங்கள் கடைக்கு வந்திருந்தார். எதிர்ப்புறத்திலிருந்து டெய்லர் பார்த்துவிட்டு ஓடிவந்தான். நடுவெயிலில் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க போனதுலேருந்து எங்களுக்கு ஞாயித்துக்கிழமையே இல்லண்ணே" என்று மறுபடி அழத் தொடங்கினான். அவர் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்து, "விடுலே, விடுலே, புதுப் பையன்லாம் நல்லா ஆடுதானுவள்லா" என்று தேற்றினார். அவன் விடவில்லை. பழைய கோல் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி அழுதான். அவர் உடம்பின் பாரத்தை இடது காலுக்கு மாற்றி, பிறகு கடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நெற்றியில் வியர்வை வழிந்தது. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் இருக்கும்.

நான் உள்ளேயிருந்த நாற்காலியைத் தூக்கிவந்து தெருவில் டொம்மென்று வைத்தேன்.

"லே, அவர மொதல்ல உக்கார விடுலே" என்றேன்.

டெய்லர் என்னை ஏதோ கல்நெஞ்சக்காரனைப் போலப் பார்த்தான்.