தையலம்மாள் வைத்த சுரைக்காய் சூப்

தையலம்மாளுக்குச் சமைக்கத் தெரியாது என்று யாராவது சொல்லியிருந்தால் அவள் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். கஞ்சம் பிடித்தவள் என்று சொன்னார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஏம்பலத்தில் பிறந்து பாகூருக்கு வாழ்க்கைப்பட்டவள். பிறந்த வீட்டில் பந்தி நடந்தால் இலையில் சோறு மிதக்க நெய் ஊற்றுவார்கள். அந்த வீட்டுப் பெண் என்ற பெருமை அவளுக்கு மூக்குத்தியைவிடப் பெரிய நகை. பாகூரில் அவள் கையால் சாப்பிட்டு எழுந்த விருந்தாளி யாரும் குறை சொன்னதில்லை. சொல்ல விட்டதும் இல்லை.

புருஷன் கண்ணையன் சைகோனில் பிரெஞ்சு சர்க்கார் உத்தியோகம் பார்த்துவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் போட்டிருந்தார். சைகோனிலிருந்து அவர் கொண்டுவந்தவை ஒரு தகரப் பெட்டி, கொஞ்சம் பீங்கான் கிண்ணங்கள், ஒரு தொப்பை, அப்புறம் சூப் ஆசை. சாயங்காலமானால் கெட்டியாக ஒரு கிண்ணம் சூப் இறங்கியாக வேண்டும். சூப் என்றால் மிளகு ரசம் என்று நினைத்துக்கொண்டிருந்த தையலம்மாளுக்கு அவரே பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்து, வெண்ணெயைப் போட்டு வதக்கி, பாலேட்டை அள்ளி ஊற்றி இறக்க வேண்டும். அவளும் ஏம்பலத்துக் கையல்லவா, அவர் சொன்னதற்கு இரண்டு மடங்கு ஊற்றினாள். தொப்பையும் இரண்டு மடங்கானது.

ஒருநாள் விலாவின் கீழே வலி என்று சுருண்டு விழுந்தார். புதுச்சேரியில் படித்துவிட்டுப் பாகூரில் வைத்தியம் பார்க்க வந்திருந்த டாக்டர் மரியதாஸ் வந்து பார்த்தார். பித்தப்பையில் கல் இருக்கிறது, உடம்பும் அளவு மிஞ்சிப் பெருத்துவிட்டது என்றார். நெய், வெண்ணெய், ஏடு, தேங்காய்ப்பால் எதுவும் நாக்கில் படக் கூடாது, உடம்பு இளைத்தே ஆக வேண்டும். மீறினால் வலி திரும்ப வரும், அப்புறம் அறுவைதான். அந்தக் காலத்தில் வயிற்றை அறுக்கக் கொண்டுபோனவர்களில் திரும்பி வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தையலம்மாள் அன்றைக்கே வெண்ணெய்ச் சட்டியை உறியில் எட்டாத உயரத்துக்கு ஏற்றிவிட்டாள்.

ஆனால் அவர் சூப்பை விடுவாரா? தண்ணீராக வைத்துக் கொடுத்தால், "இன்னா தையலு, கை கழுவவா குடுத்தே?" என்று கிண்ணத்தைத் தள்ளினார். நெய் இல்லாமல் கெட்டி வேண்டும், ஏடு இல்லாமல் ஏட்டின் வழவழப்பு வேண்டும். நல்ல கூத்துதான்.

அவள் விடவில்லை. பிஞ்சுச் சுரைக்காயைச் சீவிப் போட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல், காய் விடுகிற தண்ணீரிலேயே வேகவைத்துப் பார்த்தாள். உமி அடுப்பின் மந்தமான சூட்டில் மூடி வைத்தால் காய் வெண்ணெயாகக் குழைந்தது. ஒரு துண்டு பறங்கிக்காயும் பூண்டும் வெங்காயமும் கூட வேகும். ஒரு பிடி பாசிப்பயறைத் தனியே குழைய வேகவைத்து அம்மியில் மையாக அரைத்துச் சேர்ப்பாள். அப்புறம் கீரை கடைகிற மத்தால் நுரை வரும்வரை கடைந்து, மல் துணியில் வடிகட்டி நார் நீக்குவாள். கடைசியில் அடுப்பை விட்டு இறக்கி, சூடு சற்றுத் தணிந்த பிறகு, வெண்ணெய் எடுத்த மோரை மெள்ள ஊற்றிக் கலக்க வேண்டும். அடுப்பில் இருக்கும்போதே ஊற்றினால் திரிந்துவிடும். அதைக் கற்றுக்கொள்வதற்குள் எத்தனையோ சட்டி மாட்டுத் தொட்டிக்குப் போனது. மேலே மிளகுத் தூள், உப்பு.

கரண்டியைத் தூக்கினால் சூப் பட்டுத் துணி மாதிரி இறங்கியது. கண்ணையன் குடித்துவிட்டுக் கிண்ணத்தை மறுபடி நீட்டினார். அதைவிடப் பெரிய பாராட்டு அவர் வாயிலிருந்து வந்ததில்லை. வலி வரவில்லை. மாதங்கள் போகப் போக வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது. டாக்டருக்கு ஏக சந்தோஷம்.

ஊருக்குத்தான் சந்தோஷம் இல்லை. தடியாக இருந்த மனுஷன் இளைத்தால் ஊர் என்ன நினைக்கும்? கிணற்றடியில் அடுத்த தெரு ராமாயி, தையலம்மாள் காதில் விழவேண்டும் என்றே பேசினாள்.

"சைகோன்ல தொர கணக்கா இருந்தவரு, இப்ப சொரக்கா தண்ணி குடிச்சிகினு கெடக்கறாரு. கறக்கற பாலு, கடையற வெண்ணெ எல்லாம் எங்க போவுதுன்ற? ஏம்பலத்துக்குத்தான். அம்மா வூட்டுக்கு!"

தையலம்மாள் குடத்தைப் பாதியில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். டாக்டர் சொன்னார் என்று யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னாலும் சமாளிக்கிறாள் என்பார்கள். நெய் ஊற்றும் கை என்று பேரெடுத்தவளுக்குப் புருஷன் வாயிலிருந்து வெண்ணெயைப் பறித்தவள் என்ற பட்டம். தெருவில் தலை நிமிர்ந்து நடக்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

இந்தப் பேச்சு கரிக்கலாம்பாக்கம் வரைக்கும் போயிற்று. அங்கேதான் மகள் ஆண்டாளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஆண்டாள் தலைப்பிரசவத்துக்குப் பாகூருக்கு வந்து ஆண் பிள்ளை பெற்றிருந்தாள். பிள்ளை பார்க்கச் சம்பந்தி உலகநாதனும் அவர் மனைவி வள்ளியம்மாளும் உறவுக்காரர்களோடு வந்து இறங்கினார்கள். வள்ளியம்மாள் பேரனைப் பார்த்த கையோடு கண்ணையனைப் பார்த்தாள்.

"இன்னாண்ணே, பாதியா எளச்சிட்டீங்க! எங்க வூட்டுல நெய்யி இல்லாம ஆம்பளைங்களுக்கு எல போடறதே இல்ல."

சொன்னது அண்ணனிடம், பார்த்தது தையலம்மாளை. கண்ணையன் சிரித்துக்கொண்டே, "நம்ம வூட்டு சூப்ப நீங்க குடிச்சதில்லயே சம்பந்தியம்மா? இன்னிக்குப் பந்தியில மொதல்ல அதான். குடிச்சிட்டு அப்புறம் பேசுங்க" என்று சொல்லிவிட்டார். அவருக்கு அந்த சூப்பில் அவ்வளவு பெருமை.

அடுப்படியில் தையலம்மாள் சட்டி முன்னால் நின்றாள். சூப் அன்றைக்கும் நன்றாகத்தான் வந்திருந்தது. நான் சொல்கிறேன், அதற்கு ஒன்றுமே தேவைப்படவில்லை. ஆனால் அவள் அதைத் தன் நாக்கால் ருசி பார்க்கவில்லை, வள்ளியம்மாளின் நாக்கால் ருசி பார்த்தாள். சுரைக்காய். சம்பந்தி வாயில் சுரைக்காய்த் தண்ணீர். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தால் மகள் அந்த வீட்டில் எப்படி வாழ்வாள்?

உறியை இறக்கினாள். கடைந்து வைத்திருந்த வெண்ணெய் மொத்தத்தையும் சட்டியில் போட்டாள். பாலேட்டையும் வழித்து ஊற்றிக் கலக்கினாள்.

அவருக்கு மட்டும் வேறு சட்டியில் எடுத்து வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அவளுக்கும் தோன்றியது. ஆனால் ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு சட்டியிலிருந்து ஊற்றினால் அதற்குப் பெயர் பந்தி வஞ்சனை. அதுவும் சம்பந்தி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது! ஏம்பலத்து வீட்டில் அப்படி ஒரு காரியம் கனவிலும் நடக்காது. ஒரு வேளைதானே, ஒரு கிண்ணம்தானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று பாவி மகள் மனசைத் தேற்றிக்கொண்டு கிண்ணங்களை நிரப்பினாள்.

பந்தியில் உலகநாதன் ஒரு வாய் குடித்துவிட்டு மீசையைத் துடைத்தார். "சும்மா ஏடு கணக்கா எறங்குதே!" என்றார். வள்ளியம்மாள் அடுப்படி வாசலில் நின்றபடியே ஒரு கிண்ணம் வாங்கிக் குடித்தாள். அவள் புருவம் ஏறியது.

"எவ்ளோ வெண்ணெ போட்ட தையலு?"

பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். ஆனால் கிணற்றடிப் பேச்செல்லாம் அவள் தொண்டையில் வந்து நின்றது.

"ஒரு சொட்டு இல்லீங்க அண்ணி. வெறும் சொரக்காதான். நெய்யி, வெண்ணெ எதுவுமே கெடையாது."

கண்ணையன் பாதி குடித்த கிண்ணத்திலிருந்து ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பத்தியம் இருந்து ருசி செத்த நாக்கு, அவருக்கு எங்கே தெரியப் போகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவர் மிச்சத்தையும் குடித்தார்.

"அப்ப அண்ணனுக்கு இன்னொரு கிண்ணம் ஊத்து. வெண்ணெதான் இல்லியே!" என்றாள் வள்ளியம்மாள். கண்ணையன் கிண்ணத்தை நீட்டினார். தையலம்மாள் மறுக்க ஒரு சாக்குத் தேடினாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊற்றினாள்.

பெண்கள் பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் கூடத்தில் தொப்பென்று சத்தம் கேட்டது. கண்ணையன் விலாவைப் பிடித்துக்கொண்டு தரையில் புரண்டார். முகம் வெளுத்து, வியர்வை வழிந்தது. குடித்தது அத்தனையும் வெளியே வந்தும் வலி அடங்கவில்லை. ஆள் ஓடிப்போய் டாக்டர் மரியதாஸைக் கூட்டி வந்தது.

டாக்டர் ஊசி போட்டுவிட்டுக் கேட்டார். "என்ன சாப்பிட்டார்? நெய் ஏதாவது?"

தையலம்மாள் வாயைத் திறப்பதற்குள் வள்ளியம்மாள் முந்திக்கொண்டாள். "ஒரு சொட்டு கெடையாதுங்க டாக்டரய்யா. சூப்ப மட்டும்தான் குடிச்சாரு, சோறுகூடத் தொடல. அதுல வெண்ணெயே இல்லன்னு பந்தியில அத்தன பேர் எதிர்ல அவளே சொன்னா."

"அப்படியா அம்மா?"

தையலம்மாள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்று ஆட்டினாள். அந்தத் தலையை அப்போதே யாராவது வெட்டிப் போட்டிருந்தால் தேவலை என்று பிற்பாடு பலமுறை நினைத்திருக்கிறாள்.

டாக்டரின் முகம் மாறியது. "பத்தியமாக இருந்தும் இவ்வளவு கடுமையாக வந்திருக்கிறதென்றால் இனிப் பத்தியத்துக்கு அடங்காது. இன்றைக்கே டவுனுக்கு, புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள். அறுத்துத்தான் எடுக்க வேண்டும்."

உலகநாதன் எழுந்து வண்டி கட்டச் சொன்னார். ஆண்டாள் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு விசும்பினாள். வண்டியில் வைக்கோல் பரப்புவதும், மாட்டின் கழுத்து மணி அசைவதும் தையலம்மாளுக்குக் கேட்டது. சொன்னால் மானம் போகும், மகளின் மாமியார் எதிரிலேயே போகும். சொல்லாவிட்டால் அந்த மனுஷனை அறுப்பார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றும். அவள் யோசித்தாள், அதுதான் கேவலம். நுகத்தடியில் மாட்டைப் பூட்டும்வரை யோசித்துக்கொண்டு நின்றாள்.

நாலு பேர் குனிந்து அவரைத் தூக்கப் போனபோதுதான் குரல் வந்தது.

"மாட்ட அவுக்கச் சொல்லுங்க டாக்டரய்யா. நான் வெண்ணெ போட்டேன்."

தூக்கக் குனிந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"சட்டி வெண்ணெயும் போட்டேன். ஏடும் ஊத்தினேன். சம்பந்தி எதிர்ல சொரக்காய வெக்க வெக்கமா இருந்திச்சி. பொய் சொன்னேன். இவுரு பத்தியத்துல ஒரு கொறையும் இல்லீங்க, கொற எம்மேலதான்."

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். திட்டவில்லை. "அப்படியானால் டவுனுக்கு வேண்டாம். ஊசியில் அடங்கிவிடும், பொழுது சாய்வதற்குள் தெரிந்துவிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வள்ளியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஆண்டாளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஏதாவது ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போயிருக்கலாம்.

பொழுது சாயும்போது வலி அடங்கியது. கூடத்தில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். தையலம்மாள் கால்மாட்டில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவர் கண்ணை மூடியபடியே பேசினார்.

"எனக்கு மொத வாயிலயே தெரிஞ்சிச்சி."

அவள் விருட்டென்று நிமிர்ந்தாள். "இன்னாங்க சொல்றீங்க? தெரிஞ்சா குடிச்சீங்க? ரெண்டாவது கிண்ணத்தையுமா?"

"ஒரு சொட்டு இல்லன்னு நீ அத்தன பேர் எதிர்ல சொல்லிட்டியே. நான் கிண்ணத்த கீழ வெச்சா உன் பேச்சு இன்னாவறது?"

கிணற்றடியில் பட்ட வெட்கமும், சம்பந்தி எதிரில் பட்ட வெட்கமும் அவளுக்கு அந்த நிமிஷமே ஒன்றுமில்லாமல் போய்விட்டன. இதுதான் வெட்கம். அவள் தன் மானத்துக்காக அவர் உயிரைப் பணயம் வைத்தாள், அவரும் அவள் மானத்துக்காகத் தன் உயிரைப் பணயம் வைத்திருந்தார், அவள் கையாலேயே வாங்கிக் குடித்து. அவள் அழக்கூட இல்லை. அழுதால் அவர்தான் தேற்றுவார் என்று பயந்தாள்.

அதற்குப் பிறகு கண்ணையன் பல வருஷம் நன்றாக இருந்தார், கல் அவரை ஒன்றும் செய்யவில்லை. ஊர் பேசியது, பிறகு வேறு பேச்சுக்குப் போனது. வள்ளியம்மாளே தன் புருஷனுக்கு உடம்பு கனத்தபோது அந்த சூப்பைக் கேட்டு வந்து செய்து பழகிக்கொண்டு போனாள். யார் பாராட்டினாலும் தையலம்மாள் காதில் வாங்காதவள் போல வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

புருஷன் சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு பருக்கை வாயில் போட்டு அறியாதவள் அவள். ஆனால் அன்றிலிருந்து சாயங்கால சூப்பை மட்டும், இதில் வெண்ணெய் இல்லை என்பதற்குச் சாட்சி போல, அவர் எதிரில் நின்று, அவர் பார்க்க, ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் கிண்ணத்தைக் கொடுப்பாள். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"இன்னாத்துக்கு இது தெனமும்? நான் உன்ன எப்பனா கேட்டனா?"

"கேக்கலியே," என்றாள் தையலம்மாள். "அன்னிக்கு ஒரு வார்த்த திட்டியிருந்தீங்கன்னா நான் இத்த செய்ய மாட்டேங்க."

அவர் கிண்ணத்தை வாங்கிக் குடித்தார்.