அத்தை அச்சடித்த பெஞ்சு

பெருமைக்காக எதையும் கூட்டாமல், பார்த்ததையும் கேட்டதையும் உண்மையாக எழுதப்போகிறேன். கோமதி அத்தை இனிமையாகப் பாடுவார்கள் என்று எழுத மாட்டேன். அவர்களுக்குப் பாட வராது. ஆனாலும் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பாடுவார்கள். உதவியாளர் தேவராஜ் அண்ணன் உடனே கலவை இயந்திரத்தை ஓடவிட்டுவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் செங்கல்பட்டில் எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. அப்பா எடுத்தார். "எப்போ?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். பிறகு ரிசீவரை வைக்கவும் மறந்து நின்றார். மாமல்லபுரத்திலிருந்து மாமா பேசியிருக்கிறார். அப்பாவின் அக்காவான அத்தை, தூக்கத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார்கள்.

அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அத்தை மாமல்லபுரம் சாலையில் ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் துறைப் பேராசிரியர். புடவைக் கரையில் எப்போதும் சிமெண்டு ஒட்டியிருக்கும். சிரித்தால் பக்கத்து வகுப்பில் பாடம் நின்றுவிடும். நல்ல நேரம் பார்க்காமல் ஊறுகாய் ஜாடியைக்கூடத் திறக்க மாட்டார்கள்.

ஒரு நாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "வெளிநாட்டுல கான்கிரீட்டை அச்சடிக்கப் பார்க்கிறாங்களாம்" என்றார்கள்.

"என்னக்கா, கல்யாணப் பத்திரிகை மாதிரியா?" என்றார் அப்பா.

"முறுக்கு மாதிரிடா! மாவுக்குப் பதிலா சிமெண்டுக் கலவை. ஒரு வரி பிழிஞ்சு, அது மேலயே அடுத்த வரி. கலவையைத் தாங்கிப் பிடிக்கிற சென்ட்ரிங் பலகையே வேணாம்."

"முறுக்குன்னா உடையுமே, அண்ணி" என்றார் அம்மா.

"அதான் என் வேலை. உடையுதா, எங்க உடையுது, ஏன் உடையுது. அதைத்தான் பார்க்கப்போறேன்."

பெரிய இயந்திரம் வாங்கக் கல்லூரியில் வழியில்லை. ஒரு பழைய பம்பு, ரப்பர் குழாய், நுனியில் ஒரு குழல், அது உருள ஒரு இரும்புத் தண்டவாளம். தேவராஜ் அண்ணன்தான் குழலைக் கையால் நகர்த்துவார். கல்லூரி வாசல் பஸ் நிறுத்தத்துக்கு ஒரு பெஞ்சு செய்வது என்று அத்தை முடிவு செய்தார்கள். பெஞ்சு தன் முன்பக்கம் தரையில் பட ஒருக்களித்துப் படுத்திருப்பது போல வரிவரியாகப் பிழிய வேண்டும். இறுகிய பிறகு நிமிர்த்த வேண்டும். விடுமுறை என்பதால் நானும் போய் உட்கார்ந்து பார்த்தேன்.

அது ஒரு வியாழக்கிழமை. பாதிப் பெஞ்சு எழும்பியபோது குழாய் அடைத்துக்கொண்டது. பிரித்துக் கழுவி மாட்டுவதற்குள் மதியம் ஒன்றரை மணி தாண்டிவிட்டது.

"மேடம், இப்ப ராகு காலம் ஓடிக்கினு கீது. மூணு மணிக்கு மேல பம்பைப் போடலாமா?" என்றார் தேவராஜ் அண்ணன்.

"பின்னே? ராகு காலத்துல ஆரம்பிச்சு என்ன விளங்கும்?" என்றார்கள் அத்தை.

எல்லோரும் நிழலில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டோம். ஆய்வுக்கூடத்தின் திறந்த கதவு வழியே வெயிலும் கடல் காற்றும் வந்து மேல் வரியை உலர்த்திக்கொண்டிருந்தன. யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று மணிக்குக் கற்பூரம் காட்டிவிட்டு மறுபாதியை ஏற்றினார்கள். பார்க்க ஒரு குறையும் இல்லை.

ஈரச் சாக்கு போர்த்தி நன்றாக இறுகவிட்டு, பெஞ்சை நிமிர்த்தினார்கள். கல்லூரி முதல்வர் முன்னிலையில் மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். நான்காவது மூட்டைக்கு 'டப்' என்று ஒரு சத்தம். பெஞ்சு நொறுங்கவில்லை. கிரீம் பிஸ்கட்டைப் பிரித்தது போல முன்பாதி ஒரு பக்கம், பின்பாதி ஒரு பக்கம் சாய்ந்தது.

முதல்வருக்கு முகம் சுருங்கிவிட்டது. "மேடம், நம்ம பசங்க எல்லாம் சிறுசேரி ஐ.டி. கம்பெனிகளுக்குத்தான் வேலைக்குப் போறாங்க. இந்த இடத்துல கம்ப்யூட்டர் போட்டா உபயோகமா இருக்கும். இன்னொரு தடவை செஞ்சு பாருங்க. அதுவும் உடைஞ்சா, பம்பை எடுத்துடலாம்."

அவர் போனதும் அத்தை குனிந்து, பிரிந்த முகத்தைத் தடவினார்கள். சாப்பாட்டுத் தட்டு போல வழவழவென்று இருந்தது. மற்ற வரிகள் ஒன்றையொன்று கடித்துப் பிடித்திருந்தன. இந்த ஒரு வரி மட்டும் மேலே இருந்ததைத் தொடவேயில்லை. அது எத்தனையாவது வரி என்று அத்தை எண்ணிப் பார்த்தார்கள். பிறகு சிரித்த சிரிப்பில் ஜன்னல் புறாக்கள் பறந்துவிட்டன.

"தேவராஜு! ராகு எங்க உக்காந்திருந்தார்னு பாரு. நாம தயிர் சாதம் சாப்பிட்ட இடம் இது!"

"ஐயையோ மேடம், நான்தான் சொன்னேன்."

"நீ சொன்னே, நான் கேட்டேன். காயவிட்டா அடுத்த வரி ஒட்டாதுன்னு பசங்களுக்கு வருஷா வருஷம் பாடம் நடத்துறவ நான். ஆரம்பிக்கத்தான்யா நேரம் பார்க்கணும். பாதியில நிறுத்துன்னு எந்தப் பஞ்சாங்கத்துல போட்டிருக்கு?"

இரண்டாவது பெஞ்சுக்கும் வேண்டுமென்றே வியாழக்கிழமையையே தேர்ந்தெடுத்தார்கள். நல்ல நேரத்தில் தொடங்கினார்கள். அடைக்காமலிருக்கக் கலவையை இரண்டு முறை சலித்தார்கள். ராகு காலம் வந்தது, பம்பு நிற்கவில்லை. குழலை விட்டு தேவராஜ் அண்ணனால் கையை எடுக்க முடியாது. அத்தை தயிர் சாதத்தை உருட்டி, மாவடுவோடு அவர் வாயில் ஊட்டினார்கள்.

"மேடம், என் பொண்டாட்டிகூட இப்படி ஊட்டினதில்ல."

"அவ பெஞ்சு கட்டலியே. வாயை மூடு, வரி கோணுது பாரு."

சோதனை நாளில் பத்தாவது மூட்டைக்குப் பிறகு முதல்வரே "போதும் மேடம்" என்றார். அத்தை கேட்கவில்லை. மூட்டைகளை இறக்கச் சொல்லி, முதல்வரை நடுவில் உட்காரவைத்தார்கள். அவருக்கு இரு பக்கமும் தேவராஜ் அண்ணனும் கேண்டீன்காரரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். முதல்வர் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். கடைசியாக அத்தை தொப்பென்று உட்கார்ந்தார்கள். பெஞ்சு அசையவில்லை. அன்று சாயங்காலமே அது பஸ் நிறுத்தத்துக்குப் போனது. பம்பு அதன் மூலையிலேயே இருந்தது.

என் பள்ளி வாசலுக்கும் ஒரு பெஞ்சு செய்து தருவதாக அத்தை சொல்லியிருந்தார்கள். அதற்கு அவர்கள் குறித்துவைத்திருந்த நாளும் வியாழன்தான். அதற்கு நான்கு நாள் முன்பு போய்விட்டார்கள். "மேடம் குறிச்ச நாளை மாத்த மாட்டேன்" என்று தேவராஜ் அண்ணன் அன்றைக்கே பம்பைப் போட்டார். சாயங்காலம் அதே ஆய்வுக்கூடத்தில் இரங்கல் கூட்டம். அதற்குள் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தார்கள். முடியவில்லை. எல்லோரும் வந்து நின்றபோது இன்னும் மூன்று வரிகள் மீதமிருந்தன.

முதல்வர், "எல்லாரும் ரெண்டு நிமிஷம் மௌனமா..." என்று தொடங்கினார். பம்பைப் பார்த்தார். யாரோ சுவிட்சை நோக்கி நகர்ந்தார்கள்.

"அதைத் தொடாதீங்க!" என்றார் முதல்வர். "ஓடட்டும்."

கண்களை மூடிக்கொண்டு நின்றோம். பம்பு தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். தேவராஜ் அண்ணன் கண்ணை மூடவேயில்லை; கண்ணீர் வழிய வழிய வரியைப் பார்த்துக்கொண்டே குழலை நகர்த்தினார். இரண்டு நிமிடம் முடிந்ததும், காலையிலிருந்து அவர் சாப்பிடவில்லை என்று யாரோ சொன்னார்கள். அம்மா தூக்குவாளியைத் திறந்து, ஒரு கவளம் தயிர் சாதத்தை உருட்டி அவர் வாயருகே கொண்டுபோனார். அவர் மென்றுகொண்டே சிரித்துவிட்டார். அப்பாவும் சிரித்தார். அத்தை இருந்திருந்தால் சிரித்திருக்கும் அளவுக்கு எல்லோரும் சிரித்தோம்.

கடைசி வரி முடிந்தது. ஈரச் சாக்கைப் போர்த்தினோம். போய் வாருங்கள், அத்தை, எங்கேயும் நிறுத்தவில்லை. பம்பைக் கழுவி வைத்துவிட்டு, தேவராஜ் அண்ணன் விளக்குகளை அணைத்தார்.