நான் தள்ளிவிட்ட பக்கங்கள்

பாறசாலைப் பக்கம் எங்கள் வீட்டில் பேசுவது தமிழ். பள்ளியில் படித்ததோ மலையாளம். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன்.

பனச்சமூடு சந்தையில் ஒரு பழைய தமிழ்ப் புத்தகம் கிடைத்தது. நம் பக்கத்துச் சமையலும் அதன் வரலாறும். கதைப் புத்தகம் மட்டுமே தெரிந்த எனக்கு அது புதுசு. ஆசையாக வாங்கினேன். முன்பாதி முழுக்கப் பஞ்ச காலத்தைப் பற்றியது. வாசிக்கச் சலித்து, மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கும் மீனும் ஒரே சட்டியில் வற்ற வேகும் குறிப்புக்குத் தாவினேன். வேலியோரம் நின்ற கிழங்கைப் பிடுங்கிச் சமைத்தேன். மிளகுக் காரத்தில் கைப்பு தெரியவில்லை.

முதலில் சாப்பிட்ட மகள் வாந்தியெடுத்துத் துவண்டாள். அப்போது வேலை முடிந்து வந்த கணவர் சட்டியைப் பார்த்தார்.

"வேலியில உள்ளதையா எடுத்த? பன்னி வராம இருக்க நட்ட கய்ப்பு மரச்சீனியாக்கும் அது, வெசம். வேகவச்ச வெள்ளத்த ஊத்திக் களஞ்சியா?"

"புக்குல அப்படி இல்லியே."

ஆட்டோவில் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிழைத்தாள்.

பிறகுதான் தள்ளிவிட்ட பக்கங்களை வாசித்தேன். கைப்புக் கிழங்கை ஊறவைத்து, வேகும் தண்ணீரை மாற்றி மாற்றிக் கொட்ட வேண்டும் என்று அங்கே இருந்தது. பசி பொறுக்காமல் அப்படியே தின்ற குடும்பங்களைப் பற்றியும் இருந்தது.

இப்போது எந்தப் புத்தகத்தையும் முதல் பக்கத்திலிருந்தே எழுத்துக்கூட்டி வாசிக்கிறேன். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட அன்று ஆட்டோ இல்லை.