அடுப்பு எண்ணப் போனவள்

தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் எங்கள் கடற்கரை ஊரான மயிலிட்டியை விட்டு வந்து, நீர்வேலியில் ஒரு வாழைத் தோட்டத்துக்குப் பின்னால் கொட்டில் போட்டு இருந்தோம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அம்மா கைநாட்டு. சம்மாட்டி என்ற வலை முதலாளியிடம் கூலிக்குக் கடலுக்குப் போன அப்பா தன் பெயரை மட்டும் எழுதுவார், அதுவும் வலை பின்னுவதுபோல மெதுவாக. நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். இடம்பெயர்ந்தவர்களுக்கு நிவாரண அட்டை பதிய ஆள் தேவைப்பட்டபோது கிராம அலுவலரான விதானையார் நேரே எங்கள் கொட்டிலுக்கு வந்தார்.

"பிள்ளைக்கு எழுத்து வடிவெண்டு சொன்னவை. ரெண்டு மூண்டு நாள் வேலை. சம்பளம் கேக்கக் கூடாது."

சம்பளம் தந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு சந்தோசம் வந்திராது. எங்கள் ஆட்களில் ஒருத்தி கையில் பேனையோடு வீடு வீடாகப் போவதை ஊர் முதன்முதலாகப் பார்க்கப்போகிறது.

அவர் தந்த அரசாங்கக் கந்தோர்ச் சுற்றுநிருபத்தை அன்றைக்கே இரண்டு தரம் வாசித்தேன். அதில் ஒரு விதி என்னைப் பிடித்து நிறுத்தியது. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். ஒரு குடும்பத்துக்கு ஓர் அட்டை. இரத்த உறவையும் கலியாணத்தையும் அது கேட்கவில்லை. சோறு எங்கே வேகிறது என்று மட்டும் கேட்டது. இதை யோசித்தவர் யார்? எழுதுமுன் தன் வீட்டுக் குசினியை ஒருக்கால் எட்டிப் பார்த்திருப்பாரா?

இன்னொன்றும் எனக்கு விளங்கவில்லை. விதானையாரிடம் கேட்டேன்.

"எங்களை ஓடவைச்ச அரசாங்கம் எங்களுக்கு ஏன் ஐயா அரிசி அனுப்புது?"

"சண்டை பிடிக்கிறது ஒரு கந்தோர், அரிசி அனுப்பிறது வேறை கந்தோர், பிள்ளை. ரெண்டும் ஒண்டோடை ஒண்டு கதைக்கிறேல்லைப் போலை."

நான் போவதற்கு முன்பே அந்த விதி கொட்டில்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. எங்கு பார்த்தாலும் இரண்டாவது அடுப்பு. ஓரிடத்தில் குனிந்து பார்த்தேன். மூன்று கல்லிலும் செம்மண் அப்படியே ஒட்டியிருந்தது, கரி இல்லை.

"இது எப்ப மூட்டினது?" என்று அந்த வீட்டுக்காரியைக் கேட்டேன்.

"காலமை."

"சாம்பல் எங்கை?"

"அள்ளிக் கொட்டிப்போட்டன். உனக்கு இனிச் சாம்பலும் எழுத வேணுமோ?"

உள்ளேயிருந்து அவளுடைய மாமியார் குரல் கொடுத்தாள்: "சம்மாட்டியின்ரை வலை இழுத்தவன்ரை மோள் இப்ப எங்கடை அடுப்பைக் கிண்ட வந்திட்டா. விடு பிள்ளை, எழுதிக்கொண்டு போகட்டும்."

"ஒன்று" என்று எழுதினேன். நேர்மையாக இருக்கிறேன் என்ற நினைப்பு அன்று முழுக்க என்னோடு நடந்து வந்தது.

வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"நான் இளந்தாரியாய் இருக்கேக்கை அரிசிக் கூப்பன். தலைக்கு ஒண்டு. சம்மாட்டிக்கும் அதுதான், எனக்கும் அதுதான். சங்கக்கடையிலை ஒரே வரிசையிலை நிண்டனாங்கள். பிறகு உணவு முத்திரை எண்டாங்கள். மாத உழைப்பு எவ்வளவு காசெண்டு எழுதிக் குடுக்கச் சொன்னாங்கள். கடல்காரன்ரை உழைப்பைக் கடலெல்லோ சொல்லவேணும்? இப்ப அடுப்போ?"

நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். முதலில் தலையை எண்ணினார்கள், பிறகு உழைப்பை, இப்போது அடுப்பை. எதை எண்ணினாலும் கணக்கு எங்கோ பிசகுகிறது. தலையை எண்ணினால் சம்மாட்டிக்கும் கொடுக்க வேண்டும். அடுப்பை எண்ணினால் யாருக்குக் குறையும்?

விடை எங்கள் கொட்டிலுக்குள்ளேயே இருந்தது. அம்மாவின் தங்கையான சின்னம்மாவின் புருசன் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. அன்றிலிருந்து அவளும் மூன்று பிள்ளைகளும் எங்கள் ஐந்து பேரோடுதான். ஒரு பானையில் ஒன்பது பேர். ஓர் அட்டைக்கு அரிசியில் ஓர் எல்லை உண்டு. அதற்குமேல் ஆள் கூடினாலும் அரிசி கூடாது. சின்னம்மாவின் கடைக்குட்டி அப்போதே வயிற்றோட்டத்தால் மெலிந்து, சட்டை தோளில் நிற்காமல் திரிந்தான்.

மறுநாள் விதானையார் என்னோடு எங்கள் கொட்டிலுக்கு வந்தார். பக்கத்துக் கொட்டில்காரர் எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள்.

"உங்கடை எத்தினை, பிள்ளை?"

நான் வாய் திறக்கமுதல் அம்மா சொன்னா: "ஒண்டுதான். என்ரை தங்கச்சி என்ரை உலையிலைதான் தின்னுறவள்."

ஒன்று என்று எழுதினால் அந்தச் சின்னவனின் சோறு குறையும். இரண்டு என்று எழுதினால், நேற்று நான் எழுதிய ஒன்றுக்கு என்ன பெயர்?

"நாளைக்கு வந்து பாருங்கோ ஐயா. நாளைக்கு ரெண்டு இருக்கும்."

"அப்ப எங்களுக்கும் நாளைக்கு!" என்று நேற்றைய மாமியார் கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஓம், உங்களுக்கும் நாளைக்கு," என்றேன். "ஆனால் மூட்டவேணும். ஒவ்வொரு நாளும் அதிலைதான் சமைக்கவேணும்."

"அதை ஆர் பார்க்கிறது?" என்றார் விதானையார்.

"நான் பாப்பன். முதல்லை எங்கடையைப் பாப்பன்."

அவர் போனதும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டா. "அரிசிக்காக என்ரை தங்கச்சியைப் பிரிச்சு வைக்கப் போறியோ? இதுக்கோடி உன்னைப் படிப்பிச்சனாங்கள்?"

சின்னம்மா விடிந்ததும் கொட்டிலின் மறுகோடியில் மூன்று கல் வைத்து, இரவல் பானையில் உலை ஏற்றினாள். முதல்நாள் சோறு அரை வேக்காடு. பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்றார்கள். அவள் அழுவாள் என்று நினைத்து, ஏதோ வேலைபோல அங்கேயே சுற்றிக்கொண்டு நின்றேன். அவள் அழவில்லை.

அட்டைகள் வந்தன. எங்களுக்கு இரண்டு; அந்த மாமியார் வீட்டுக்கும் இரண்டு. சின்னம்மா தன் அட்டையை என்னிடம் நீட்டி வாசிக்கச் சொன்னாள். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது.

"திரும்ப வாசி."

வாசித்தேன்.

"தலைவர் எண்டது ஆரடி?"

"நீங்கள்தான், சின்னம்மா."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அட்டையை வாங்கி, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள் இருந்த பைக்குள் வைத்தாள்.

சில கிழமைகள் போனபின் அம்மா சமாதானமாகச் சொன்னா: "இனி ஒருத்தரும் பாக்க வராயினம். பானையை இஞ்சாலை கொண்டு வா."

"வேண்டாமக்கா," என்றாள் சின்னம்மா. "எனக்கு உறைப்புக் கூட வேணும். உன்ரை கறி எனக்கு எப்பவும் சப்பெண்டுதான் இருக்கும்."

எங்களோடு இருந்த காலம் முழுவதும் அவள் இதைச் சொன்னதே இல்லை. அந்த விதியை எழுதியவர் அவளிடம் கேட்கவில்லை என்று நான் குறைப்பட்டிருந்தேன். நாங்கள் மட்டும் கேட்டோமா?

அம்மா இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு கோப்பையை என் கையில் தந்தா.

"போய் அவளின்ரை கறியிலை கொஞ்சம் வாங்கிக்கொண்டு வா. அப்பிடி என்ன உறைப்பெண்டு பாப்பம்."

சின்னம்மா வாழைப்பூப் பொத்திக் கறி சமைத்திருந்தாள். நான் கோப்பையை நீட்டினேன். அவள் அகப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ எந்தக் குடும்பம்? அட்டை கொண்டுவந்தனியோ?"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கோப்பை நிறைய ஊற்றித் தந்தாள்.