சாம்பல் முடிச்சு

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், கொல்லிமலைப் பாப்பாயி புருசனோடு பண்ணை வேலைக்குத் துறையூர்ப் பக்கம் இறங்கினாள். அங்கே எல்லாருக்கும் அவள் வெறும் 'மலைக்காரி'. பேச்சுத் துணைக்கு ஆளில்லை. கிணற்றுத் தண்ணியோ பாழாய்ப்போன உப்புத் தண்ணி. அரப்புத் தேய்த்தால் தலைமுடி நாராகிவிடும். அதனால் விறகுச் சாம்பலைத் துணியில் முடிந்து குளிக்கிற தண்ணியில் ஊறப்போடுவாள். தெளிந்ததும் தலைக்கு இதமாகிவிடும்.

புருசன் செத்தபிறகு மலையேறி அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டாள். மறுநாள், கைப்பழக்கம் விடுமா, நல்ல ஊற்றுத் தண்ணியிலும் சாம்பல் முடிச்சைப் போட்டாள்.

அதைப் பார்த்த அண்ணன் பெண்டாட்டி பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள்: "கீழ்நாட்டுக்காரங்களுக்கு நம்ம ஊத்துத் தண்ணி ஆகாதாட்டம் இருக்குதுங்க."

பாப்பாயி முடிச்சை வெளியே எடுத்தாள். அந்த ஊற்றைத் தோண்டியதே அவள் அப்பன்தான்.