கேட்காமல் வந்த சாட்சி

அவளுக்கு உடைந்தது கால்தான், வாய் இல்லை. பராமரிப்பு வேலைக்கென்று நான் போன வீடுகளில் அவளைப்போல் கதைத்தவர் ஒருவருமில்லை. என் வயதுதான் இருக்கும். யூதப் பெண், பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படிப்பிக்கிறவள். நான் குளிப்பாட்டி, சாய்த்து இருத்தி, சூப் கொடுத்து முடிக்கும்வரை, அந்தக் காலத்துப் போலந்திலும் பிராக்கிலும் வாழ்ந்த யூதர்களின் வழக்குகளைச் சொல்லிக்கொண்டே இருப்பாள். எனக்கென்ன வந்தது என்று தலையை ஆட்டுவேன்.

ஒருநாள் சொன்னது மட்டும் நெஞ்சில் தைத்தது. வியாபாரத்துக்குப் போன புருஷன் திரும்பாவிட்டால் மனைவி கட்டுண்டவள். விதவையுமில்லை, மறுமணமும் இல்லை. அவன் செத்ததற்குச் சாட்சி வேண்டும். ரபிகள், அதாவது அவர்களுடைய மதகுருமார், இரக்கப்பட்டு ஒரு வழி வைத்திருந்தார்கள். வேற்று மதத்து வழிப்போக்கன் ஒருவன், யாரும் கேட்காமல், பேச்சோடு பேச்சாக, 'பாவம், அந்த மனுஷன் ஆற்றோடு போய்விட்டான்' என்றால் போதும். நாம் கேட்டு அவன் சொன்னால் செல்லாது. கேட்கிறவருக்கு என்ன வேண்டுமென்று தெரிந்தால் வாய் தானாக வளைந்துவிடுமாம்.

"விசர்ச் சட்டம்" என்று தமிழில் முணுமுணுத்தேன். ஆத்திரம் வந்தது. நான் கேட்காத ஆளா? வன்னியில் நடந்த கடைசிச் சண்டையில் காணாமல் போன என் மனுஷனைப் பற்றி எந்த முகாமில் கேட்கவில்லை, எந்த அரசாங்கக் கந்தோர் வாசலில் நிற்கவில்லை? சொன்னவர்களெல்லாம் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து, உயிரோடு இருக்கிறார் என்றே சொன்னார்கள். அதை நம்பித்தான் நியூசிலாந்தில் ஓக்லாந்துக்கு வந்த பிறகும் ஒவ்வொரு வருடமும் அவர் பிறந்தநாளில், சுகமாகத் திரும்பி வரவேண்டுமென்று பூசை ஒப்புக்கொடுத்தேன். இறந்தவர்களுக்கான பூசையில் அவர் பேரைச் சேர்ப்போமா என்று மெதுவாகக் கேட்ட சுவாமியாரோடு மாதா கோயில் வாசலிலேயே சண்டை பிடித்தேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை, நகரின் தெற்கே தகனினியில் ஒரு வீட்டுப் பிள்ளையின் முதல் நன்மை விருந்து. கராஜுக்குள் மேசை போட்டு நான்தான் இடியப்பம் பரிமாறினேன். பக்கத்தில் விரி என்ற இடத்தில் வேர்ஹவுஸ் வேலைக்குப் புதிதாக வந்திருந்த வன்னிக்காரர் ஒருவர் மனைவி பிள்ளைகளோடு இருந்தார். என்னை அவருக்குத் தெரியாது. "தேத்தண்ணிக்குச் சீனி காணுமோ?" என்று வீட்டுக்காரி கேட்க, அவர் சிரித்துவிட்டார்.

"சீனியோ? கடைசி நேரம் எங்கட பங்கருக்குள்ள மன்னார் அண்ணன் ஒராள் இருந்தவர். சீனி கிடைச்சாலும் தேத்தண்ணிக்கு உப்புத்தான் போடுவார். சொக்கையில பெரிய மச்சம். பேர் தெரியாது, உப்பண்ணன் எண்டுதான் கூப்பிடுறது. பிள்ளையளைச் சிரிக்க வைச்சுக்கொண்டே இருப்பார். பாவம், தண்ணி அள்ளப் போன இடத்தில செல் விழுந்திட்டுது. நாங்கள்தான் கிடங்கு வெட்டித் தாட்டனாங்கள்."

அந்தக் கன்னத்து மச்சத்தையும் அந்த உப்பையும் எனக்குத் தெரியாதா? கலியாணம் முடித்த கையோடு அந்த உப்புக்காகவே அவரோடு கோபித்துக்கொண்டு படுத்தவள் நான்.

எங்கே, எப்போது என்று கேள்வி வாய்வரை வந்தது. விழுங்கினேன். கேட்டால் என் முகத்தைப் பார்ப்பார். பார்த்தால், 'அது வேற ஆளாயிருக்கும் அக்கா' என்பார். நானும் நம்பித் தொலைப்பேன்.

"இன்னும் கொஞ்சம் சொதி விடட்டோ தம்பி?" என்றேன்.

"ஓம் அக்கா."

காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் குளறி அழுதேன்.

மறுபடி வேலைக்குப் போனபோது அவளிடம் சொன்னேன். "ரபிகளுக்கு இது போதும். நீ விடுபட்டவள்" என்றாள். எரிச்சலாக இருந்தது. எனக்கு விடுதலை எதற்கு? இன்னொரு கலியாணமா செய்யப் போகிறேன்? அவருக்காக அழ முடிந்தால் போதும், இத்தனை வருடம் அதற்கும் வழியில்லாமல் அல்லவா இருந்தேன்.

அடுத்த தமிழ்ப் பூசையை அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒப்புக்கொடுத்தேன். பேரை வாசித்தபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே வந்ததும் அந்த வன்னித் தம்பி, கறுப்புச் சேலையைக் கண்டு என்னிடம் வந்தார்.

"கவலையாயிருக்கு அக்கா. அண்ணன் எப்ப மோசம் போனவர்?"

"போன சனிக்கிழமை, தம்பி" என்றேன்.